பர்மாவில் ஆங்கில டியூஷன்: கைபேசியையும் இணையத்தையும் வகுப்புக்குள் கொண்டுவருவது எப்படி

ரங்கூன், பெகு, தட்டோன், மோல்மீன் பக்கம் கோயில் மண்டபத்திலோ வீட்டுக் கூடத்திலோ புதிதாக ஆங்கில டியூஷன் தொடங்கும் நம் இளைஞர்களுக்காக எழுதியது இது. மெட்ரிக் முடித்து, கொஞ்சம் ஆங்கிலம் நன்றாக வந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர்கள்தான் இதில் அநேகம். டென்ஸ் நடத்தத் தெரியும், கட்டுரை திருத்தத் தெரியும். கைபேசியை என்ன செய்வது என்பதில்தான் தடுமாற்றம். சிலர் வாசலிலேயே வாங்கிக் கூடைக்குள் போட்டுவிடுகிறார்கள். சிலர் "யூடியூபில் பார்த்துக்கொள்" என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். இரண்டும் பிள்ளையை ஓரிடத்தில்தான் கொண்டுபோய் விடும்: வீட்டுக்குப் போய்த் தனியாக, யாரும் பார்க்காதபோது, ஆங்கில இணையத்தில் இறங்கும்.

நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் பர்மியம், மூன்றாவதாக ஆங்கிலம். தமிழிலோ பர்மியத்திலோ ஒருவர் ஏமாற்றிப் பேசினால் அந்தப் பேச்சின் தொனியிலேயே ஏதோ இடிக்கிறது என்று பிள்ளைக்குப் பட்டுவிடும். ஆங்கிலத்தில் அந்தக் காது இன்னும் பழகவில்லை. முன்பின் தெரியாதவர் அனுப்பும் வேலை விளம்பரம், பரிசுச் செய்தி, நட்பு அழைப்பு எல்லாம் ஆங்கிலத்தில் வந்தால், படித்தவர் எழுதியது என்ற மரியாதையோடு படிக்கிறது. அந்தக் காதைப் பழக்குவது ஆங்கில வகுப்பின் வேலை. இணையக் குடிமை, அதாவது இணையத்தில் பொறுப்போடு நடந்துகொள்வது என்று பாடத்திட்டக்காரர்கள் சொல்வதைத் தனிச் சொற்பொழிவாக வைத்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதையே வாசிப்புப் பாடமாகவும் இலக்கணப் பயிற்சியாகவும் வைத்தால் தன்னால் உள்ளே போகும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

முதல் வேலை: யாரிடம் என்ன இருக்கிறது

ஜூன் மாதம் பள்ளி திறந்து புது செட் சேர்ந்ததும், முதல் வாரத்திலேயே ஆளுக்கொரு சீட்டு கொடுத்து ஏழு விஷயங்களைக் கேளுங்கள். போன் சொந்தமா, வீட்டுக்குப் பொதுவா? பொதுவென்றால் எத்தனை மணிக்குக் கையில் கிடைக்கும்? எந்த சிம் (எம்பிடி, ஆட்டம், மைடெல்)? போனில் எவ்வளவு இடம் காலி? வீட்டில் கரண்ட் வரும் நேரம்? எந்தெந்த ஆப் பழக்கம்? கூகுள் அக்கவுண்டை யார் திறந்து கொடுத்தது? கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தெரியும். அது ஏன் இத்தனை முக்கியம் என்று பிறகு வருகிறது.

இந்தச் சீட்டைப் பார்க்காமல் பாடம் திட்டமிட்டால் என்ன ஆகும்? "இரவு எட்டு மணிக்கு வீடியோ பார்த்துவிட்டு வா" என்பீர்கள். அந்த நேரத்தில் போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும், அல்லது அந்தத் தெருவுக்குக் கரண்ட் முறை இருக்காது. மறுநாள் பாதி வகுப்பு திருதிருவென்று விழிக்கும். ஏழைப் பிள்ளை "போன் இல்லை" என்று சொல்ல வெட்கப்பட்டு, மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லும். ஆகவே மூன்று பேருக்கு ஒரு போன் என்று வைத்தே எல்லா வேலையையும் அமையுங்கள். வீட்டில் இணையம் வேண்டும் என்ற நிபந்தனையோடு எந்த வீட்டுப்பாடமும் கொடுக்காதீர்கள்.

டேட்டா கணக்கு ஒன்றையும் மனதில் வையுங்கள். 64 கேபிபிஎஸ் தரத்தில் உள்ள ஒலிக்கோப்பு நிமிடத்துக்கு அரை எம்பி பிடிக்கும். ஆறு நிமிட ஒலிப்பாடம் மூன்று எம்பியில் முடிந்துவிடும். அதையே 360 அளவு வீடியோவாகப் பார்த்தால் ஏறத்தாழப் பத்து மடங்கு. முகம் தெரியவேண்டிய அவசியம் இல்லாத கேட்டல் பயிற்சிக்கு வீடியோ வீண் செலவு. 2022 ஜனவரியில் இணையச் சேவைக்கு 15 சதவீத வரி விழுந்ததிலிருந்து பெற்றோர் டாப்-அப் கார்டை எண்ணித்தான் சுரண்டுகிறார்கள்.

பாடங்களை இறக்கி வைத்துக்கொள்வது

தேவையானவை: 64 ஜிபி மெமரி கார்டு போட்ட ஒரு ஆண்ட்ராய்டு போன், ஒரு பவர் பேங்க், சின்ன ஸ்பீக்கர். இவ்வளவுதான். கரண்டும் வைஃபையும் ஒருசேரக் கிடைக்கும் நேரத்தில் உட்கார்ந்து, வாரத்துக்கு வேண்டியதை மொத்தமாக இறக்கி வையுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வகுப்பு, திறன், தலைப்பு என்று ஒரே ஒழுங்கில் வையுங்கள். வந்த பெயரிலேயே விட்டால் நாற்பது கோப்புக்கு மேல் போனதும் வகுப்பு நேரத்தில் தேடித் தேடியே பத்து நிமிடம் போய்விடும்.

எங்கிருந்து எடுப்பது? சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்டோரிவீவர். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கியது. ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும், பிடிஎஃப் ஆக இறக்கலாம். தமிழ் எழுத்து மறந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஏசியா பவுண்டேஷனின் லெட்ஸ் ரீட் ஆப்பில் பர்மியமும் ஆங்கிலமும் சேர்ந்து வரும். தமிழ் வாசிக்க வராத பிள்ளைகளுக்கு இது. கதையின் நிலையைப் பிள்ளையின் வயதைப் பார்த்து எடுக்காதீர்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தெரியவில்லையென்றால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

பெரிய பிள்ளைகளுக்குப் பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலீஷ் டீன்ஸ், பிபிசியின் சிக்ஸ் மினிட் இங்கிலீஷ். அமெரிக்க அரசு வானொலியான விஓஏவின் லேர்னிங் இங்கிலீஷ் 1959-இல் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்ற பெயரில் வானொலியில் தொடங்கியது. சுமார் 1,500 சொற்களுக்குள், சாதாரண செய்தியைவிட மெதுவாகப் படிப்பார்கள் என்பதால் நம் பிள்ளைகளின் காதுக்கு ஏற்றது. 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு விஓஏவை நிறுத்திவைத்ததிலிருந்து புதுப் பாடங்களை நம்பியிருக்க முடியாது. பழையவை கிடைக்கும்போதே எடுத்து வையுங்கள். அதிலும் அறிவியல், உடல்நலம், சொற்கள் பற்றியவை போதும். அரசியல் செய்தி கொண்ட கோப்பைப் பிள்ளைகளின் போனில் ஏற்றி அனுப்புவது நீங்கள் எடுக்க வேண்டிய ஆபத்து இல்லை.

பொது அறிவுக்கு சிம்பிள் இங்கிலீஷ் விக்கிப்பீடியாவை, இணையமில்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் ஆப்பில் முழுதாக இறக்கிக்கொள்ளலாம். படமில்லாத பதிப்பு ஏறத்தாழ 1 ஜிபி. முழு ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு ஆசைப்படாதீர்கள். மெமரி கார்டு ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது, கடைசி நிமிடத்தில் பிழை காட்டி நின்றுவிடும். எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு மாற்றினால் ஏறும், ஆனால் மாற்றும்போது கார்டில் உள்ளதெல்லாம் அழியும்.

கிவிக்ஸில் உங்கள் போனையே ஹாட்ஸ்பாட் ஆக்கிப் பிள்ளைகளின் போனுக்குப் பரப்பும் வசதியும் இருக்கிறது. திரையில் ஒரு எண் முகவரி காட்டும். அதைப் பிள்ளைகள் குரோமில் அடித்தால் பக்கம் திறக்கும், ஒரு எம்பி கூடச் செலவாகாது. பக்கம் திறக்கவில்லை என்று யாராவது சொன்னால், பத்தில் ஒன்பது தடவை காரணம் ஒன்றுதான். இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.

போனிலிருந்து போனுக்குக் கோப்பு மாற்ற இங்கே எல்லோருக்கும் ஜாப்யா பழக்கம். ஆண்ட்ராய்டில் உள்ள குவிக் ஷேரும் போதும். எதுவாயினும் ஒரு விதி: பாடம், படம், ஒலி மாற்றலாம், ஏபிகே (ஆப்பை நிறுவும் கோப்பு) மாற்றக்கூடாது. கையிலிருந்து கைக்கு வரும் ஏபிகேயில் யார் எதைச் சேர்த்துக் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆப் வேண்டுமென்றால் பிளே ஸ்டோரிலிருந்துதான்.

இன்னொன்று. ஒரு சிம்மில் திறக்கும் பக்கம் இன்னொரு சிம்மில் திறக்காமல் போவது இங்கே சகஜம். வகுப்பில் ஒரு இணைப்பைக் கொடுப்பதற்கு முன்னால் மூன்று சிம்மிலும் திறந்து பாருங்கள்.

அக்கவுண்ட் யாருடையது

இந்தப் பகுதியை அவசரப்படாமல் இரண்டு வகுப்பாவது எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் பலருக்கு கூகுள் அக்கவுண்டையும் ஃபேஸ்புக்கையும் திறந்து கொடுத்தது போன் கடைக்காரர்தான். போன் வாங்கியபோது அவரே ஒரு பெயர் போட்டு, ஒரு பிறந்த தேதி போட்டு, பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். தாள் தொலைந்தது. மீட்பு எண்ணாகக் கடைக்காரரின் நம்பர் இருக்கலாம், அல்லது அம்மாவின் பழைய சிம் இருக்கலாம். டாப்-அப் போடாமல் விட்ட சிம் செத்து, அதே நம்பர் வேறு யாருக்கோ போயிருக்கும். அந்த ஆள் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று அழுத்தினால் ஓடிபி அவருக்குத்தான் போகும்.

படிப்படியாகச் செய்ய வேண்டியது இது. போனின் செட்டிங்ஸில் கூகுள் என்ற பகுதியைத் திறந்து, எந்த மெயில் பெயரில் இருக்கிறது என்று பிள்ளை நோட்டில் எழுத வேண்டும். பிறகு செக்யூரிட்டிக்குள் போய் மீட்பு எண்ணைப் பார்த்து, இப்போது வீட்டில் உயிரோடு இருக்கும் நம்பராக மாற்ற வேண்டும். அடுத்து, இந்த அக்கவுண்ட் எந்தெந்தப் போனில் திறந்திருக்கிறது என்ற பட்டியல். தெரியாத போன் இருந்தால் சைன் அவுட். அதற்கப்புறம்தான் பாஸ்வேர்டை மாற்றுவது. வரிசை மாறி முதலில் பாஸ்வேர்டை மாற்றப்போனால், சரிபார்க்கும் எண் பழைய நம்பருக்குப் போய் மாட்டிக்கொள்ள நேரலாம்.

பாஸ்வேர்டுக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்கள், தமிழும் பர்மியமும் கலந்து, ஆங்கில எழுத்தில், நடுவில் ஒரு எண். போன் நம்பர், என்ஆர்சி (அடையாள அட்டை) எண், பிறந்த ஆண்டு மூன்றும் கூடாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டதும் கூகுள் பத்து பேக்அப் எண்கள் தரும். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒரு தடவைதான் செல்லும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைப்பதில் பிரயோஜனமில்லை. தாளில் எழுதி வீட்டுப் பதிவுப் பத்திரத்தோடு வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பத்திரத்தை எந்த வீட்டிலும் தொலைக்க மாட்டார்கள்.

இங்கே இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, குளறுபடியாக இருக்கிறதே என்று போனை ஃபேக்டரி ரீசெட் செய்வது. செய்தால் பழைய அக்கவுண்டையும் பாஸ்வேர்டையும் கேட்டுப் போன் பூட்டிக்கொள்ளலாம். மறந்த பாஸ்வேர்டை, போன் உள்ளே திறந்திருக்கும்போதே மாற்ற வேண்டும். இரண்டு, கடைக்காரர் போட்ட பொய்யான பிறந்த தேதியை நல்லெண்ணத்தில் சரிசெய்யப் போவது. பிள்ளைக்கு 13 வயது ஆகவில்லையென்றால் கூகுள் உடனே பெற்றோர் மேற்பார்வை கேட்கும். 14 நாளுக்குள் செய்யாவிட்டால் அக்கவுண்ட் முடங்கும். அப்பாவையோ அம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, கூகுளின் பெற்றோர் மேற்பார்வை ஆப்பான ஃபேமிலி லிங்க் தயாராக இருக்கும்போது மட்டும் தொடுங்கள்.

இதிலே ஆங்கிலம் எங்கே என்று கேட்பீர்கள். செட்டிங்ஸ் திரை முழுக்க ஆங்கிலம்தானே. ரெக்கவரி, வெரிஃபை, டிவைஸ், சைன் அவுட், பெர்மிஷன், அலவ், டினை: இருபது சொல்லுக்குள் அடங்கும் ஒரு சொற்பட்டியல் இது. ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் தொட்டுச் செய்த சொல்லாதலால் மறக்காது. இம்பெரட்டிவ் நடத்த இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒருவர் கட்டளை சொல்ல, மற்றவர் போனில் செய்ய வேண்டும். கேபே, வேவ்பே போன்ற பணம் அனுப்பும் ஆப் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடமாகவே சொல்லிக்கொடுங்கள்: 'ஐ நெவர் ஷேர் மை ஓடிபி.'

வகுப்பின் சட்டம், வகுப்பின் குழு

விதிகளை நீங்கள் எழுதி ஒட்டாதீர்கள். மஸ்ட், மஸ்ட் நாட், ஷுட் நடத்தும் வாரத்தில் பிள்ளைகளே எழுதட்டும். நான்கு விதிக்கு மேல் வேண்டாம். நான்கில் ஒன்று புகைப்படம் பற்றி இருந்தே தீர வேண்டும்: கேட்காமல் யார் படத்தையும் எடுக்கவோ போடவோ கூடாது. வெள்ளைச் சட்டையும் பச்சை லுங்கியும் போட்ட பிள்ளை, பின்னால் கோயில் பெயர்ப் பலகை, மேலே நேரம். இந்த ஒரு படத்திலிருந்து ஒரு வெளியாள் என்னென்ன தெரிந்துகொள்வான் என்று கேட்டு, பிள்ளைகளையே ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும்போது விதி தன்னால் பிறந்துவிடும். டியூஷனுக்கு விளம்பரம் வேண்டுமென்று பிள்ளைகள் முகத்தைப் போஸ்ட் போடும் சயா, சயாமாக்களுக்கும் (ஆசிரியர், ஆசிரியைகளுக்கும்) இதே விதிதான்.

தொடர்புக்கு வைபர் போதும். சாதாரண குரூப் என்றால் எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். கம்யூனிட்டி என்று திறந்தால் நம்பர் மறையும். பெண்பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் கம்யூனிட்டியில் புதிதாகச் சேர்கிறவர் பழைய உரையாடல் முழுவதையும் பார்க்க முடியும். ஆகவே அதில் சொந்த விவரம் எதுவும் போடக்கூடாது. 13 வயதுக்குக் கீழே இருந்தால் குழுவில் பெற்றோர்தான் இருக்க வேண்டும். மாணவருக்குத் தனிச் செய்தி அனுப்புவதில்லை, இரவு ஒன்பதுக்கு மேல் குழுவில் எதுவும் போடுவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நாளைக்கு யாரும் உங்களைப் பார்த்து விரல் நீட்ட மாட்டார்கள்.

ஃபேஸ்புக்கை வகுப்பு வேலைக்குத் தேவையாக்கவே கூடாது. அது 2021 பிப்ரவரியிலிருந்து இங்கே தடுக்கப்பட்டிருக்கிறது. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமும் அப்படித்தான். தடையைச் சுற்றிப்போக உதவும் விபிஎன் சேவையை அனுமதியில்லாமல் நடத்துவதற்குத் தண்டனை வைத்து 2025 ஜனவரி 1-இல் சைபர் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. தெருச் சோதனையில் போனைத் திறந்து காட்டச் சொல்வதும் நடக்கிறது. ஊரில் யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஒரு பிள்ளை வீட்டுப்பாடத்துக்காக விபிஎன் போட்டது என்ற நிலைமையை நீங்கள் உண்டாக்கக்கூடாது.

வேலை விளம்பரத்தைப் பாடமாக்குவது

எட்டாம் வகுப்புக்கு மேலே உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம், ஆகவே இதை முழுப் பாடமாகவே தருகிறோம். ஆங்கிலம் கொஞ்சம் டைப் அடிக்க வரும் இளைஞர்களைத்தான் ஆட்களை அடைத்துவைத்து இணைய மோசடி செய்யவைக்கும் எல்லையோரக் கூடாரங்கள் தேடுகின்றன. மோல்மீனிலிருந்து பாஅன் வழியாகப் போகும் சாலை முடியும் மியாவடியும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தின் மேசோட்டும் நம்மவர்களுக்கு வியாபார வழியாகத்தான் பழக்கம். அதே மியாவடியைச் சுற்றித்தான் அந்தக் கூடாரங்கள் முளைத்தன. 2023 ஆகஸ்டில் ஐநா மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, மியன்மாவில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிக் கட்டாய மோசடி வேலையில் சிக்கியிருக்கலாம் என்றது. 2022-இல் மியாவடியிலிருந்து மீட்கப்பட்ட இந்தியர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். ஐடி வேலை என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தது.

நாற்பத்தைந்து நிமிடம் போதும். கரும்பலகையில் இப்படி ஒரு விளம்பரத்தை எழுதுங்கள்:

'அர்ஜென்ட் ஹையரிங்! கஸ்டமர் சர்வீஸ் இன் தாய்லாந்து. சாலரி 35,000 பாத். இங்கிலீஷ் டைப்பிங் ஒன்லி. நோ எக்ஸ்பீரியன்ஸ். ஃப்ரீ விசா, ஃப்ரீ ரூம், ஃப்ரீ டிக்கெட். ஒன்லி 5 சீட்ஸ். டெலிகிராம் நவ்!'

முதல் பத்து நிமிடம் வெறும் வாசிப்பு. நல்ல விளம்பரமா, கெட்டதா என்று நீங்கள் வாய் திறக்கக்கூடாது. யார் யாருக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது என்று கை தூக்கச் சொல்லுங்கள். கைகள் எழும், அதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அடுத்த பத்து நிமிடம், இதில் என்னென்ன இல்லை என்று ஜோடி ஜோடியாகத் தேடட்டும். கம்பெனி பெயர் இல்லை, முகவரி இல்லை, வேலை நேரம் இல்லை, ஒப்பந்தம் பற்றிப் பேச்சில்லை, லேண்ட்லைன் நம்பர் இல்லை. இருப்பதைப் பார்த்துச் சந்தேகிப்பது எளிது. இல்லாததைக் கவனிப்பதுதான் பயிற்சி.

மூன்றாவது கட்டம் கேள்வி எழுதுவது. ஹூ, வேர், வாட், ஹவ் லாங் என்று ஆரம்பித்து ஐந்து கேள்வி. முதலாளி யார்? அலுவலகம் எந்த ஊரில், எந்தத் தெருவில்? டிக்கெட் பணத்தைப் பிறகு சம்பளத்தில் பிடிப்பீர்களா? என்ன விசா? வேலையை விட்டுவிட்டால் என் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும்? கடைசிக் கட்டத்தில் ஒரு பிள்ளை ஏஜென்டாக நடிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். ஏஜென்டுக்கு மூன்று பதில்தான் அனுமதி: 'டோன்ட் வொர்ரி', 'எவ்ரிதிங் ஃப்ரீ', 'யூ மஸ்ட் டிசைட் டுடே'. ஐந்தாவது கேள்வி வருவதற்குள் வகுப்பே சிரித்துவிடும். அந்தச் சிரிப்புக்குப் பிறகு உபதேசம் எதுவும் வேண்டியதில்லை.

மூத்த பிள்ளைகளுக்கு உண்மையான வழியையும் சொல்லுங்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குத் தொழில் அமைச்சின் உரிமம் வேண்டும், போகிறவருக்கு ஓவிக் அட்டை (வெளிநாட்டுத் தொழிலாளர் அடையாள அட்டை) வேண்டும். டூரிஸ்ட் விசாவில் வந்துவிடு, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், அது சொந்தக்காரரே ஆனாலும், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர் என்று ஏன் சொல்கிறோம் என்றால், கூடாரத்தில் சிக்கியவர்களையே தெரிந்தவர்களை அழைக்கச் சொல்லி மிரட்டுவது உண்டு.

படம் உண்மையா என்று பார்ப்பது

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தை நம் பிள்ளைகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 7.7 அளவில் சகாயிங், மண்டலே பக்கத்தை உலுக்கிய அன்று, பழைய சகாயிங் பாலம் இடிந்து விழுந்த உண்மையான படங்களோடு, வேறு நாட்டு இடிபாடுகளும் கணினியே வரைந்த வீடியோக்களும் கலந்து ஓடின. பாஸ்ட் டென்ஸ் நடத்த இதை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கம் உறவுகளை இழந்த பிள்ளை வகுப்பில் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்து, இருந்தால் வேறு தலைப்புக்குப் போய்விடுங்கள்.

மைக் கால்ஃபீல்ட் என்ற அமெரிக்க ஆசிரியர் 2019-இல் வகுத்த நான்கு படிகளை வைத்துக்கொள்ளுங்கள்: நில், போட்டது யார் என்று பார், வேறு யார் சொல்கிறார்கள் என்று தேடு, முதலில் வந்த இடத்துக்குப் போ. மூன்று படங்களை நீங்களே முன்கூட்டி கூகுள் லென்ஸில் தேடி, கிடைத்த முடிவையும் அச்செடுத்து வாருங்கள். வகுப்பில் ஆளாளுக்கு லென்ஸ் திறந்தால் டேட்டாவும் போகும், கவனமும் போகும். ஒவ்வொரு குழுவும் எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது, யார் போட்டது என்று மூன்று வாக்கியம் எழுதட்டும்.

கணினி வரைந்த படத்தில் கடைப் பலகையின் பர்மிய எழுத்து பல நேரம் எழுத்தாகவே இருக்காது, வட்டம் வட்டமாகக் குழம்பியிருக்கும். நம் பிள்ளைகள் பர்மியம் படித்தவர்கள், ஆகவே இதை சட்டென்று பிடித்துவிடுவார்கள். ஆனால் இந்தக் குறி நாளுக்கு நாள் மறைந்துகொண்டு வருகிறது. விரலை எண்ணுவதும் எழுத்தைப் பார்ப்பதும் துணைக்குத்தான். படம் எங்கிருந்து கிளம்பியது என்ற கேள்விதான் நிலைக்கும்.

மொழிபெயர்ப்பும் காப்பியும்

மொழிபெயர்ப்பு ஆப்பைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். வரிசையை மட்டும் கட்டாயமாக்குங்கள். முதலில் கையால் ஆறு வரி, பிறகு ஆப், பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து மூன்று வித்தியாசத்துக்கு அடிக்கோடு. மதிப்பெண் அந்த அடிக்கோட்டுக்குத்தான். ஏஐ எழுதிய கட்டுரைக்கும் இதே மருந்து. எழுதிக் கொண்டுவந்ததிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டு, அதை வைத்து வேறொரு வாக்கியம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தான் எழுதிய பிள்ளை திக்கித் திணறியாவது சொல்லும். கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்பி யாரையும் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். அவை தவறுவது உண்டு.

பழைய பர்மியக் குறிப்பு, அகராதிப் பக்கம் எதையாவது நகலெடுத்து ஒட்டினால் எழுத்து சிதறி வருகிறதா? அது ஜோஜி எழுத்துருவில் எழுதியது. 2019 அக்டோபர் 1-இலிருந்து நாடு யூனிகோடுக்கு மாறியது, ஆனால் பழைய கோப்புகள் மாறவில்லை. மாற்றி கொடுக்கும் கருவியில் போட்டு எடுத்தால் சரியாகும்.

பிறர் எழுதியதை எடுத்தால் பெயர் போட வேண்டும் என்பதைச் சின்ன வயதிலேயே பழக்குங்கள். 1914-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் 2023 அக்டோபர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஸ்டோரிவீவர் போன்ற இடங்களில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருப்பதால், எழுதியவர், வரைந்தவர் பெயரோடு அச்சிட்டுக் கொடுக்கலாம். பிபிசி பாடத்தை உங்கள் பெயர் போட்டு மறுபடி ஏற்றக்கூடாது. இணைப்பைத் தரலாம்.

மிரட்டல் வந்துவிட்டால்

என்றாவது ஒரு நாள் ஒரு பிள்ளை வகுப்பு முடிந்தும் போகாமல் நிற்கும். யாருக்கோ படம் அனுப்பிவிட்டேன், பணம் கேட்கிறான் என்று சொல்லும். முதலில் ஏன் அனுப்பினாய் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி கேட்டால் அடுத்த வார்த்தை வராது. பணம் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் தொகை கூடும். உரையாடலை அழிக்கக்கூடாது. மிரட்டும் செய்திகளையும் அந்த ஆளின் பெயர், நம்பரையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தபிறகு, ஆப்பிலேயே ரிப்போர்ட் செய்து பிளாக் செய்ய வேண்டும். இந்த வரிசைதான் முக்கியம். முதலில் பிளாக் செய்தால் ஆதாரம் எடுப்பது கஷ்டம். அந்தப் படத்தை நீங்கள் பார்க்கவோ உங்கள் போனுக்கு வாங்கவோ வேண்டாம், சாட்சிக்காகக்கூட வேண்டாம். 18 வயதுக்குள் எடுத்த படமென்றால் டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது. அமெரிக்காவின் காணாமல்போன குழந்தைகள் மையம் நடத்துவது. படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் எண் அடையாளம் மட்டும் பதிவாகி, சேர்ந்துள்ள தளங்களில் அது ஏறாமல் தடுக்க உதவும். வீட்டில் யாரிடம் சொல்வது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும், அம்மாவோ அத்தையோ சித்தியோ. அந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து உங்கள் முன்னாலேயே பேசவிடுங்கள்.

வருடம் முடிந்து, பரீட்சையும் முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குழுவைக் கலைத்துவிடுங்கள். பிள்ளைகளின் குரல் பதிவு, படம், முதல் வாரச் சீட்டு எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். பொதுப் போனில் யாருடைய அக்கவுண்டாவது திறந்திருந்தால் சைன் அவுட் செய்து, மெமரி கார்டைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் மறுபடி வேண்டும்.